துச்சாதனன் ஏற்றும் கற்பூரம்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே உள்ள எங்கள் வல்லம் பக்கத்தில், பங்குனி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் ஏதாவதோர் ஊரில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறும். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், ராத்திரியில் கூத்து. செஞ்சியை ஒட்டிய மேலச்சேரிதான் அம்மனின் ஆதி இடம் என்று இங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்த வழிபாட்டை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதிக்குச் ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்ற பொருளில்தான் துணைத்தலைப்பு வைத்தார்.

இந்தக் கூத்துகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, சபையில் திரௌபதியின் சேலையை உரியும் கதை நடக்கும் துகில் ராத்திரி. கிரீடமும் புஜக்கட்டையும் சலங்கையுமாகத் துச்சாதனன் களரியே அதிர ஆடி வருகிறான். அண்ணன் துரியோதனன் ஆணையிட்டாயிற்று, சபை வாய்மூடி உட்கார்ந்திருக்கிறது. சேலைத் தலைப்பில் கை வைக்கப்போகும் நேரத்தில் மத்தளமும் முகவீணையும் நின்றுவிடுகின்றன. துச்சாதன வேஷக்காரர் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றுகிறார். திரௌபதி வேஷம் கட்டி நிற்பவரும் ஓர் ஆண்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் அம்மன். அவருக்குத் தீபம் காட்டி, கதைக்காகத்தான் இந்தப் பாவத்தைச் செய்கிறேன், பொறுத்துக்கொள் தாயே என்று வேண்டுகிறார். அதன் பிறகே சேலையைத் தொடுகிறார். குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண்களும் எழுந்து கைகூப்புவார்கள்.

இந்தக் காட்சிக்கு எதிரே வைத்துப் பார்க்க இன்னொரு நாடகம் உண்டு. பேராசையும் குற்ற உணர்வும் என்றால் உலகம் முதலில் நினைப்பது ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தை. 1606ஐ ஒட்டி எழுதப்பட்ட நாடகம். சூனியக்காரிகள் சொன்ன சொல்லாலும் மனைவியின் தூண்டுதலாலும் மாக்பெத், தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மன்னன் டங்கனைக் குத்திக் கொல்கிறான். கொல்லும் முன்பே அவன் நெஞ்சு தடுமாறுகிறது. காற்றில் கத்தி தெரிகிறது. கொன்ற பிறகு தூக்கம் போய்விடுகிறது. அவன் மனைவியோ தூக்கத்தில் நடந்து, இல்லாத ரத்தக்கறையைக் கையிலிருந்து கழுவிக்கொண்டே இருக்கிறாள். இவ்வளவு வேதனைப்பட்ட இருவரும் யாரிடமும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. டங்கனின் பிள்ளைகள் உயிரோடுதான் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று நாங்கள்தான் செய்தோம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பதவியை விட மனமில்லாதவனின் வருத்தம் அடுத்த கொலைக்குத்தான் வழிகாட்டுகிறது. நண்பன் பாங்கோவும் மக்டஃபின் மனைவி மக்களும் அப்படித்தான் செத்தார்கள்.

குற்ற உணர்வு நெஞ்சுக்குள்ளேயே கிடந்தால் அது ஆளை அரிக்குமே தவிர யாருக்கும் நியாயம் செய்யாது. இழந்தவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் அதற்குப் பலன். கூத்துக்காரர் கற்பூரத் தட்டோடு நிற்பதில் நான் காணும் அறம் இது. துச்சாதனனுக்கு இல்லாத மனசாட்சியை வேஷம் கட்டியவர் சுமக்கிறார். அதையும் ஊர் பார்க்கச் சுமக்கிறார். கடைசி நாள், போரின் முடிவைக் காட்டும் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் பேருருவைச் சுற்றி ஒப்பாரி எழும்போது, ஊசிமுனை நிலமும் தர மறுத்தவனுக்காகவும் இந்த ஊர் அழுகிறது. அவன் ஆசையால் அழிந்தவர்களுக்கான அழுகையும் அதில் சேர்ந்திருக்கிறது.

இவ்வளவு கற்றுக்கொடுக்கும் அம்மனின் வாசலில்தான் நம் மாவட்டம் தலைகுனிந்தது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூகத்தார் வரக்கூடாது என்று தடுத்தார்கள். 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 மார்ச்சில் பூசைக்காகக் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில் பட்டியல் சமூக மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சபை நடுவே ஒருத்தி அவமானப்பட்டபோது வாய்மூடி இருந்தவர்களின் கதையைத் தலைமுறை தலைமுறையாக ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்த்தவர்கள் நாம். கோயில் எங்களுடையது மட்டுமே என்ற ஆசையும் துரியோதனன் நிலத்தின்மேல் வைத்த ஆசையும் ஒன்றுதான். அம்மனிடம் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஊர், வாசலில் தடுத்து நிறுத்திய மனிதர்களிடமும் அதைக் கேட்க வேண்டும். பெரிய மனிதர்கள் அவர்கள் தெருவுக்கு நடந்துபோய், வீட்டு வாசலில் நின்று, வாய்விட்டுக் கேட்க வேண்டும். அடுத்த கொடியேற்றத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.