சிங்கப்பூர் - கோலாலம்பூர்: 300 கிலோமீட்டருக்கு ஏன் ஐந்து மணி நேரம்?

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு விமான டிக்கெட் தேடினால் பயண நேரம் சுமார் 1 மணி 10 நிமிடம் என்று காட்டும். 'அட, பொங்கோலிலிருந்து ஜூரோங் போற நேரம்தானே!' என்று தோன்றலாம். ஆனா, உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம்?

சாங்கிக்கும் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 300 கிலோமீட்டர். உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். அந்தக் கணக்குப்படி 25 நிமிடம்கூட ஆகக்கூடாது!

டிக்கெட்டில் உள்ளது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் ஒரு கேட்டை விட்டு நகர்வதிலிருந்து இன்னொரு கேட்டில் நிற்கும்வரை ஆகும் மொத்த நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேரும். முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்கள்தான்.

சென்னையோடு ஒப்பிட்டுப் பாருங்க. தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 10 மடங்கு. பயண நேரமோ 4 மணி நேரத்தை ஒட்டித்தான். தூரம் எவ்வளவாக இருந்தாலும் ஏறி இறங்கும் நேரம் பெரிதாக மாறாது.

வீட்டிலிருந்து கணக்குப் போட்டால்?

ஓர் உத்தேசக் கணக்கு:

• வீட்டிலிருந்து சாங்கிக்கு: 45 நிமிடம்
• புறப்பாட்டுக்கு முன் காத்திருப்பது: 2 மணி நேரம்
• விமானம்: 1 மணி 10 நிமிடம்
• குடிநுழைவு, பெட்டிகள்: 40 நிமிடம்
• கேஎல்ஐஏ-விலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில்: சுமார் 30 நிமிடம்

மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல்! எல்லையில் நெரிசல் இல்லாத நாளில் பேருந்தும் ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடும்.

வேகமா, காத்திருப்பா?

ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து கோலாலம்பூருக்கு 90 நிமிடம். அதுதான் அதிவேக ரயில் திட்டம் தந்த நம்பிக்கை. 2016-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அது காலாவதியானது. மலேசியா சிங்கப்பூருக்கு 102.8 மில்லியன் வெள்ளி இழப்பீடு கொடுத்தது.

அந்த ரயில் விமானத்தைவிட வேகமானதல்ல. ஆனால் நகரிலிருந்து நகருக்கே ஓடியிருக்கும். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் ஏறும் இடத்திலேயே முடிந்திருக்கும்.

அதே ஏற்பாடு உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயிலிலும் உண்டு. சேவையை 2026 இறுதிக்குள் தொடங்கத் திட்டம். 4 கிலோமீட்டரைக் கடக்க 5 நிமிடம்தான். ஆனா, காஸ்வேயில் நேரத்தை விழுங்குவது தூரம் இல்லையே, வரிசைதானே! புதிய ரயில் உண்மையில் குறைக்கப்போவது அதைத்தான்.

அப்போ நீங்க என்ன செய்யலாம்?

டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் பார்க்காதீங்க. வீட்டுவாசலிலிருந்து போய்ச் சேரும் இடம்வரை கூட்டிப் பாருங்க. கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே இணையத்தில் செக்-இன் செய்தால் விமானப் பயணத்தில் ஒரு மணி நேரம்வரை மிச்சமாகலாம். நீண்ட வார இறுதியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நிரம்பி வழியும்போது விமானம்தான் வேகம். சாதாரண வார நாளில் போவதென்றால், பேருந்துக் கட்டணத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்க.