மாடு விலகினால் உண்ணி எங்கே போகும்?

காட்டுக்குள் மாடு மேய்க்கக் கூடாது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லாக் காடுகளுக்கும் என்றிருந்த தடை, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருங்கியது. களக்காடு முண்டந்துறையும் அதில் அடங்கும். மந்தை மேய்க்கும் கீதாரிகளின் பிழைப்பு, புலியின் இரை என்று அப்போது நிறையப் பேசினோம். என் காதுக்கு எட்டிய வாதங்களில் உண்ணி வரவே இல்லை.

உண்ணிகளில் பல வகை. தொழுவத்து மாடுகளில் அதிகம் காணப்படும் ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ், குஞ்சுப் பருவம் முதல் முட்டையிடக் கீழே விழும்வரை சுமார் மூன்று வாரம் ஒரே மாட்டில் தங்கிவிடும். அங்கே மருந்தடித்தால் பலன் உண்டு. அளவு தெரியாமல் அடித்தடித்து மருந்துக்கே அது பழகிப்போனது வேறு கதை. காட்டு உண்ணியான ஹீமாபைசாலிஸ் அப்படியல்ல. குஞ்சாக எலியிடமோ பறவையிடமோ, அடுத்த பருவத்தில் குரங்கிடமோ மனிதரிடமோ, வளர்ந்தபின் மாடு, மிளா போன்ற பெரிய விலங்குகளிடமோ ரத்தம் குடிக்கும். இடைப்பட்ட காலமெல்லாம் சருகுக்குள் கிடக்கும். மாட்டை மருந்தில் குளிப்பாட்டி அதை ஒழிக்க முடியாது.

1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் காய்ச்சலில் படுத்தார்கள். புணே வைரஸ் ஆய்வு மையம் கண்டுபிடித்த அந்தப் புதிய வைரஸைச் சுமந்தது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா. அந்த நோயைத்தான் இன்று குரங்குக் காய்ச்சல் என்கிறோம். இதில் மாட்டின் பங்கு விசித்திரமானது. நோயைப் பரப்புவதில் அதற்குப் பெரிய பங்கில்லை. ஆனால், வளர்ந்த உண்ணிக்குச் சோறு போட்டு அதன் கூட்டத்தைப் பெருக்கியது அதுதான். 2012-13-இல் நீலகிரியில் இறந்த குரங்குகளிலும், அடுத்து வயநாட்டு மக்களிடமும் அதே வைரஸ் தென்பட்டது. இந்த நோய்க்கான பழைய தடுப்பூசியும் 2022-இல் நிறுத்தப்பட்டது.

அப்படியானால் மாடு வெளியேறிய காட்டில் உண்ணி குறையுமா, மிளாவையும் புள்ளிமானையும் பற்றிக்கொண்டு அப்படியே நிற்குமா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. எண்ணிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஷிமோகா கணக்கை இங்கே இரவல் வாங்கவும் முடியாது. அங்கே தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் வறண்ட மாதங்களில் இளம் உண்ணி பெருகும். களக்காடு முண்டந்துறை இருக்கும் தாமிரபரணியின் தலைப்பகுதிக்கோ இரண்டு பருவமழையும் உண்டு; கருமந்தியும் சிங்கவால் குரங்கும் உள்ள காடு வேறு. ஆடி அமாவாசைக்கு இந்தக் காட்டிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கும் கூட்டத்தின் காலடிச் சருகில் அந்த நாட்களில் எந்த உண்ணி, எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பது சுகாதாரத் துறைக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இதற்குக் கோடிகள் வேண்டாம். புதர்மேல் வெள்ளைத் துணியை இழுத்து, ஒட்டியதைக் குப்பியில் போட்டு, மாதாமாதம் எண்ண வேண்டும். இனம் பிரிக்க ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் பாளையங்கோட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. எண்ணுபவர்களைக் காட்டுக்குள் விட வனத்துறை மனம் வைக்க வேண்டும். மூவரும் ஒரே பதிவேட்டில் எழுதுவதுதான் கடினம் என்று நினைக்கிறேன். மேய்ச்சல் நின்ற இடத்தையும் காட்டோரத்தில் இன்னும் மாடு மேயும் இடத்தையும் ஒருசேர வைத்துப் பார்க்கலாம். தடம் காட்ட மட்டும் இந்தக் காட்டில் வாழும் காணி மக்களைக் கூட்டிப் போகாமல், உண்ணி சேகரிக்கும் வேலையையே சம்பளத்தோடு அவர்களிடம் கொடுக்கலாம்.