ஒரு 'அவர்' என்ன விலை?

இங்கிலீஷில் ஒரு பிழை செய்து விட்டால் நம்மவர்களுக்கு வருகிற வெட்கம், தமிழில் ஒரு மனிதரை அவமதித்து விட்டால் வருவதில்லை. இது காரைக்காலுக்கு மட்டும் உரிய குணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் இங்கிலீஷோடு பிரெஞ்சும் சேர்ந்து கொண்டிருப்பதால், வெட்கம் இரண்டு பங்காக இருக்கிறது.

என் கதையொன்று ஆங்கிலத்தில் வந்தது. ஊரில் பெரியவர் ஒருவர், பல ஆண்டுகள் இங்கிலீஷ் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவர், அதைப் படித்து விட்டு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். கதையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. இருட்டில் வாசற்கதவைத் தட்டுவது யாரென்று தெரியாத ஓர் இடத்தில் நான் 'அவர்' என்று எழுதியிருந்தேன். மொழிபெயர்த்தவர் அதற்கு 'தே' என்று போட்டிருந்தார். 'தே' என்பது பன்மை. கதவைத் தட்டியதோ ஒருவர். ஆகவே 'ஹி' என்றுதான் இருக்க வேண்டும். இம்மாதிரிப் பிழைகளால் தமிழ் எழுத்தாளர்கள் அத்தனை பேருக்கும் தலைகுனிவு. இதுதான் கடிதத்தின் சாரம். நடுவில், தாமதமாக எழுத நேர்ந்ததற்குச் சமாதானமாக ஒரு வரி: வேலைக்காரி இரண்டு நாளாக வரவில்லை, அவள் வராவிட்டால் வீட்டில் ஒன்றும் நடப்பதில்லை. அந்த அம்மாளை எனக்குத் தெரியும். பெரியவரை விட நாலு வயது மூத்தவர்.

'தே'யையும் இந்த 'அவள்' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

முதலில் 'தே'யைத் தீர்த்து விடலாம். ஒருவரைக் குறிக்க இந்தச் சொல்லைப் போடுவது இன்று நேற்று முளைத்த நாகரிகமல்ல. பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் அது உண்டு. சாசர் எழுதினார், ஷேக்ஸ்பியர் எழுதினார், ஜேன் ஆஸ்டின் தாராளமாகவே எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் இலக்கணப் புத்தகம் போடக் கிளம்பியவர்கள்தாம், இது கூடாது, ஆண்பாற் சொல்லே இரு பாலுக்கும் போதும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 1850-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அதைச் சட்டமாகவே செய்தது. சட்டங்களில் ஆண்பாற் சொல் வந்தால் பெண்ணும் அதில் அடக்கம் என்றது. பத்து வருஷம் கழித்து, 1860-ல், நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எட்டாம் பிரிவும் அதையே சொல்லிற்று: 'ஹி' என்றால் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

பெண்கள் இதை நம்பினார்கள். 1867-ல் வந்த ஓட்டுரிமைச் சட்டத்தில் 'ஆண்' என்ற சொல் இருந்தது. ஆண் என்றால் பெண்ணும் அடக்கம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று, மான்செஸ்டர் நகரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். 1868-ல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. அது வேறு, இது வேறு என்று நீதிபதிகள் கையை விரித்து விட்டார்கள். ஆக, திருடினால் அவள் 'ஹி'. ஓட்டுக் கேட்டால் அவள் 'ஹி' அல்ல. பெரியவர் இலக்கணம் என்று நினைத்துக் கட்டிக் காக்கிற விஷயத்தின் யோக்கியதை இவ்வளவுதான். 2024 ஜூலை முதல் தேதி பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதீய நியாய சம்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதிலும் அந்த 'ஹி' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆண், பெண் என்ற இருவரோடு திருநங்கை, திருநம்பியரையும் அதற்குள்ளே ஏற்றிக் கொண்டு விட்டார்கள். மூன்று பேர் போகிற சைக்கிள் மாதிரி.

இங்கிலீஷ்காரனிடத்தில் நாம் கற்றுக் கொள்ள ஒன்று இருக்கிறது. நம் வாத்தியார்கள் அதை மட்டும் சொல்லித் தருவதில்லை. அவன் பாஷையிலும் ஒரு காலத்தில் 'நீ'யும் 'நீங்க'ளும் இருந்தன. தாழ்ந்தவனுக்கு 'தௌ', உயர்ந்தவனுக்கு 'யூ'. பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கூட்டத்தார், கடவுளுக்கு முன்னால் எல்லாரும் சமம் என்று சொல்லி, நீதிபதியையும் பிரபுவையும் கூட 'தௌ' என்றே அழைத்தார்கள். அடி பட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் பாக்ஸ் 1660-ல் வேறு இருவரோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். ஒருவருக்கு 'தௌ', பலருக்கு 'யூ' என்பதுதான் சரியான இலக்கணம் என்று எத்தனையோ பாஷைகளிலிருந்து உதாரணம் காட்டியிருக்கிறார். இலக்கணம் அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் ஜனங்கள் வேறு வழியில் போனார்கள். எல்லாரையும் 'தௌ' என்று இறக்குவதற்குப் பதிலாக, எல்லாரையும் 'யூ' என்று ஏற்றி விட்டார்கள். இன்று இங்கிலாந்தில் ராஜாவும் 'யூ'. அவருடைய அரண்மனையில் பாத்திரம் கழுவுகிறவரும் 'யூ'.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தது 1739-ல். கொடியை இறக்கிக் கொண்டு போனது 1954-ல். இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்து விட்டுப் போனவர்கள், பள்ளிக்கூடத்தில் எங்கள் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் மரியாதைப் பாடம் 'தூ', 'வூ' வித்தியாசம். நண்பனுக்கும் குழந்தைக்கும் 'தூ', மற்றவர்களுக்கு 'வூ'. (தமிழ்க் காதுக்கு முன்னது துப்புகிற சத்தம் போலவே கேட்கும். தற்செயல்தான், ஆனால் பொருத்தம்.) 1793-ல் பாரிஸ் புரட்சிக்காரர்கள் குவேக்கர்கள் செய்ததைப் போலவே எல்லாரையும் 'தூ' போட்டுப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. அந்த பாஷை ஆப்பிரிக்காவில் செய்த வேலை தெரிய வேண்டுமானால், 1960 ஜூன் 30-ந் தேதி காங்கோ விடுதலை பெற்ற அன்று பாட்ரிஸ் லுமும்பா பேசியதைப் பார்க்க வேண்டும். பெல்ஜிய ராஜா மேடையிலேயே இருக்கிறார். அவருக்கு எதிரில், அடிமைப்பட்டிருந்த காலத்துக் கொடுமைகளை வரிசையாக அடுக்குகிறார் லுமும்பா: கூலி போதாமை, அடி, பிடுங்கப்பட்ட நிலம். அந்த வரிசையில் இதையும் சேர்க்கிறார். கறுப்பனை 'தூ' என்றார்கள், நண்பன் என்பதால் அல்ல, மரியாதைக்குரிய 'வூ' வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்ததால். நிலத்தைப் பிடுங்கியதற்குப் பக்கத்தில் ஒரு சுட்டுப் பெயரை வைத்துப் பேசினார் அந்த மனிதர். மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

'அவர்' என்பது தமிழில் பிறப்பால் பன்மை. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்த்திச் சொல்லே தவிர இலக்கண முறைப்படி வந்ததல்ல என்று தொல்காப்பியரே சொல்லதிகாரத்தில் ஒப்புக் கொண்டு, போகட்டும் என்று இடம் கொடுத்திருக்கிறார். பெரியவர் 'தே'யைப் பார்த்துப் பதறுகிறாரே, அதே காரியத்தை நம் பாஷை எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து முடித்து, இலக்கணக்காரரிடம் சம்மதமும் வாங்கி விட்டது. அது மட்டுமா? இந்த 'அவரி'ல் ஆண் பெண் பேதம் இல்லை. இன்று உலகம் பூராவும் எழுதுகிறவர்கள் 'ஹி'யா, 'ஷி'யா, 'தே'யா என்று மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இருட்டில் கதவைத் தட்டுகிறவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம், திருநங்கையாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் மரியாதையாகச் சுட்டுவதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது.

அப்படிப்பட்ட சொல்லை வைத்துக் கொண்டு நம் கதாசிரியர்கள் என்ன செய்கிறார்கள்? ரேஷன் கடை போட்டு அளக்கிறார்கள். மானேஜர் வந்தார், வாட்ச்மேன் கதவைத் திறந்தான். டாக்டர் பார்த்தார், கம்பவுண்டர் கட்டுப் போட்டான். சைக்கிள் திருடியவன் ஓடினான். சங்கத்துப் பணத்தைச் சுருட்டியவர் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தார். வாட்ச்மேனுக்கு அறுபது வயது, மானேஜருக்கு முப்பத்தைந்து என்று அதே கதையிலேயே எழுதியிருக்கும். இவற்றைப் படிக்கிறவர்கள் படித்தவர்கள், மாதச் சம்பளக்காரர்கள், நல்ல மனசுக்காரர்கள். கதையில் வாட்ச்மேன் செத்துப் போனால் கண்ணீர் விடுவார்கள். 'செத்தான்' என்று எழுதியிருப்பது மட்டும் அவர்கள் கண்ணில் படாது. மானேஜராக இருந்திருந்தால் 'காலமானார்' என்றிருக்கும்.

வழக்கத்தில் இருப்பதைத்தானே எழுத முடியும் என்பார்கள். பாத்திரங்கள் பேசும்போது அப்படித்தான் பேச வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மீன் மார்க்கெட்டில் பேரம் பேச வந்த பொடியன், பாட்டி வயசுக்காரரைப் பார்த்து "நீ என்னா வெல சொல்ற?" என்று கேட்டால், அதை அப்படியே எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் பொய். ஆனால் மேற்கோள் குறிக்கு வெளியே பேசுவது யார்? கதை சொல்கிறவர். அவர் மார்க்கெட்டில் மீன் வாங்க வரவில்லை. அந்த அம்மாள் அவருக்குக் கடன் பாக்கியும் இல்லை. பிறகு எந்த உரிமையில் 'அவள் தராசைத் தூக்கினாள்'?

'அவன்', 'நீ' என்பதெல்லாம் அன்பு, கடவுளையே அப்படித்தானே சொல்கிறோம் என்று இன்னொரு வாதம். வாஸ்தவம். அன்புதான். ஆனால் அன்பு என்றால் திருப்பித் தர இடம் இருக்க வேண்டும். மானேஜரை 'அவன்' என்று வாட்ச்மேன் ஒரு தரம் சொல்லிப் பார்க்கட்டும், அன்பு எவ்வளவு தூரம் போகிறதென்று தெரிந்து விடும். எல்லாருக்கும் 'அவர்' போட்டால் கதை நகரசபை வரவேற்புப் பத்திரம் மாதிரி ஆகி விடுமே என்பது மூன்றாவது வாதம். ஆகிறதென்றால் எல்லாருக்கும் 'அவன்' போடுங்கள். கலெக்டர் வந்தான், எம்.எல்.ஏ. மாலை போட்டுக் கொண்டான் என்று எழுதுங்கள். எனக்குச் சம்மதம். எந்தப் பத்திரிகை போடுகிறதென்று பார்ப்போம்.

இது அழகுணர்ச்சி சம்பந்தப்பட்ட சில்லறை விவகாரம் என்று நினைக்கிறவர்கள் கீழத் தஞ்சையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கலாம். காரைக்காலைச் சுற்றியிருக்கிற வயல்களும் அந்த டெல்டாவின் வயல்கள்தாம். பண்ணையாரின் ஏழு வயசுப் பிள்ளை 'டேய்' என்பான். ஐம்பது வயசுப் பண்ணையாள் துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு 'சின்னய்யா' என்பார். 1940-களில் பி. சீனிவாச ராவ் அங்கே விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்த்தபோது, கூலியைப் பற்றியும் சவுக்கடியைப் பற்றியும் மட்டும் பேசவில்லை. அடித்தால் திருப்பி அடி என்றார். 'டா' என்றால் நீயும் 'டா' என்று சொல் என்றார். கன்னட தேசத்துக்காரர், தமிழைத் தமிழ்நாட்டுக்கு வந்து கற்றுக் கொண்டவர். நம் இலக்கணத்தின் எந்த இடத்தில் சவுக்கு இருக்கிறதென்று அவருக்கு உடனே தெரிந்து விட்டது. எத்தனை கலகம் அந்த ஒற்றை எழுத்துக்கு!

பெண்கள் விஷயம் இதிலும் விசேஷம். 'அவர் சாப்பிட்டுக் கொண்டிருந்தார், அவள் பரிமாறிக் கொண்டிருந்தாள்' என்று எழுதாத கதாசிரியர் நம்மில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று தெரியவில்லை. புருஷனை 'அவர்' என்பது மனைவியின் வாய்வழக்கம். கதை சொல்கிறவர் அந்த வீட்டில் யார்?

எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவரே ஒரு பெண்தான். புனிதவதியாரின் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனி மாதம் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் மாடி மாடியாக ஏறி நின்று மாம்பழம் வீசுகிறோம். சிவனடியாருக்கு ஒரு பழத்தைப் போட்டு விட்ட குற்றத்துக்காக, புருஷன் இன்னொன்று கேட்டபோது கடவுளிடமிருந்து ஒரு பழம் வாங்க வேண்டி வந்தது அவருக்கு. பரமதத்தன் பயந்து போய்க் கப்பலேறினான்; பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்து கொண்டான். சுற்றத்தார் அம்மையாரைக் கொண்டு போய் எதிரில் நிறுத்தியபோது, காலில் விழுந்து எழுந்து, இவர் மானுடப் பிறவி அல்ல என்கிறான். சேக்கிழார் அந்த இடத்தில் பரமதத்தன் வாயில் 'இவர்' என்ற சொல்லைத்தான் வைக்கிறார். பிறகு சிவனே அவரை 'அம்மை' என்கிறார். மரியாதைக்கு அதற்கு மேல் ஒரு படி கிடையாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: ஆகாயத்திலிருந்து மாம்பழம் வரவழைத்துக் காட்டிய பிறகுதான் ஒரு பெண்டாட்டிக்குப் புருஷன் வாயிலிருந்து ஓர் 'இவர்' கிடைத்தது. மாம்பழம் வரவழைக்கத் தெரியாத மற்றப் பெண்கள் என்ன செய்வார்கள்?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கதை கொடுத்தேன். மூன்று வாரம் வருகிற கதை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஓர் அம்மாள்தான் அதில் முக்கியமானவர். முதலிலிருந்து கடைசி வரையில் 'அவர்' என்றே எழுதியிருந்தேன். அச்சுப் பிரதி திருத்துவதற்கு வந்தபோது அத்தனை 'அவரும்' 'அவள்' ஆகியிருந்தது. 'வந்தார்' எல்லாம் 'வந்தாள்'. ஆசிரியர் குழுவில் கேட்டேன். வேறொன்றுமில்லை சார், 'அவர்' என்றால் எஜமானரா, வேலைக்கார அம்மாவா என்று வாசகர்கள் குழம்பி விடுவார்கள் என்றார்கள். அந்த வீட்டு எஜமானரை வேண்டுமானால் 'அவன்' என்று மாற்றி விடுங்கள், குழப்பம் தீர்ந்து விடும் என்றேன். அதற்கு அவர்கள் உடன்படவில்லை. கடைசியில் என் பிரதியே அச்சேறியது. மூன்று வாரமும் கடிதங்கள் வந்தன. கதையில் வரும் 'அவர்' யாரென்று விளங்கவில்லை என்று ஒருவரும் எழுதவில்லை. பாத்திரம் தேய்க்கிறவளுக்கு எதற்கு 'அவர்' என்று கேட்டுப் பதினொரு பேர் எழுதியிருந்தார்கள்.