ஆலை நமது, பூட்டு அயலானதா?

இரும்பை உருக்கி வார்க்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் இன்று கணக்கையும் சரக்கிருப்பையும் காப்பவை கணினி வழங்கிகளே. ஒரே பொறியைப் பல வழங்கிகளாகப் பகுத்து இயக்கும் நுட்பம் மெய்நிகராக்கம். பத்துப் பொறிகள் செய்த வேலையை இரண்டு மூன்றே செய்யும். முறையாய் அமைத்தால், ஒன்று பழுதுறினும் மற்றொன்று தாங்கும்.

நுட்பம் நன்று. அதன் பூட்டு எவன் கையில்? இத்துறையில் முன்னின்ற வி.எம்.வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் அமெரிக்கப் பிராட்காம் விலைக்கு வாங்கியது. அடுத்த திங்களே, ஒருமுறை வாங்கி என்றும் ஆளும் உரிமத்தின் விற்பனையை நிறுத்தியது. இனித் தவணைதோறும் கட்டணம்! தன் ஆலைக்குள்ளேயே குடிக்கூலி கொடுப்பவன் உரிமையாளனா?

மாற்று உண்டு. லினக்சுக் கருவகத்தில் 2007-இலேயே கே.வி.எம். இணைந்துவிட்டது. அதன் நிரல் எவர்க்கும் திறந்தது. உரிமக் கட்டணம் இல்லை. கற்கும் உழைப்பும், காப்புப்படி எடுத்து அதை மீட்டுப் பார்க்கும் ஒழுங்குமே அது கேட்கும் விலை. அதன் திரைமொழியைத் தமிழாக்க எவனிடமும் இசைவு கேட்க வேண்டா!

திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பயிற்சிக் கூடங்களில் இதனைத் தமிழிலேயே கற்பிக்கட்டும். உலை நமது, உழைப்பு நமது, திறவுகோலும் நமதாகுக!