கண்ணாடிப் பேழையில் அரவம்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம் முன்னோர் மொழி. படை நடுங்கும் அப்பிராணியைப் பொருள் கொடுத்து வாங்கி, உறங்கும் அறையிலே கண்ணாடிப் பேழையமைத்து வளர்ப்பாரும் இந்நாளில் உளர். நாயும் பூனையும் கிளியும் வளர்த்து அலுத்த இளைஞர் சிலர், நஞ்சில்லாப் பாம்பைத் தோழனாகக் கொள்ளத் தலைப்பட்டுள்ளனர். இது தகுமோ தகாதோ என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள். நாகத்தின் பெயரைத் தன் பெயரிலே தாங்கிய நாகர்கோவிலுக்கு அண்மையில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று.

சென்ற கோடை விடுமுறையில் வெளியூரிலுள்ள நண்பரொருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவரது மேசைமீது நீண்டதொரு கண்ணாடிப் பேழை இருந்தது. அதனுள்ளே மரச்சீவல் பரப்பி, ஒருபுறம் வெப்பந்தரும் விளக்கும், மறுபுறம் தண்ணீர்த் தட்டும், ஒளிந்துகொள்ளச் சிறு குகையொன்றும் அமைத்திருந்தார். அக்குகையினின்று ஒரு பாம்பை மெல்ல எடுத்து என் கையில் வைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவிலே பிறந்த குலம் அது. ஆங்கிலத்திலே ‘பந்து மலைப்பாம்பு’ என்று பொருள்படும் பெயருடையது. என் கை பட்டதும் அது தலையை நடுவிலே மறைத்து, உடலைச் சுற்றிப் பந்துபோல் ஆயிற்று. நண்பர் முகமலர்ந்து, “பார்த்தாயா, உன்மேல் அதற்கு எவ்வளவு அன்பு!” என்றார். யானும் அதனை மெய்யென்றே நம்பினேன். அன்று முழுவதும் பெருமிதங் கொண்டிருந்தேன்.

கல்லூரி திறந்தபின் அவ்வினப் பாம்பைப்பற்றிய நூலொன்றைப் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. பகைவர் கையிற் சிக்கி அஞ்சும்பொழுதே அது அவ்வாறு சுருளுமாம். மென்மையான தலையைக் காத்துக்கொள்ளும் பொருட்டே உடலைக் கோட்டையாக்குமாம். அதன் பெயர்க் காரணமும் அதுவேயாம். என் உள்ளங்கையிற் சுருண்டது அன்பன்று, அச்சம். அந்நினைவு என்னை விட்டு அகலவில்லை. இக்கட்டுரைக்கு வித்தும் அதுவே.

வளர்ப்போர் கூறும் நியாயங்களையும் நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். “நீங்கள் பாம்பைக் கண்டால் கம்பெடுக்கின்றீர்கள், யாம் அதனைப் பேணுகின்றோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாம்பச்சம் நீங்கியது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கியதோ?” என்பர். இவ்வினாவின்முன் நாம் தலைகுனியத்தான் வேண்டும். நம் நாஞ்சில் வயல்களிலே கன்னிப்பூவிற்கும் கும்பப்பூவிற்கும் கேடு செய்யும் எலிகளைத் தின்று உழவனுக்கு ஊதியமின்றி ஊழியஞ் செய்யும் சாரைப்பாம்பை, பாம்பென்ற ஒரே குற்றத்திற்காக அடித்துக் கொல்வோர் நம்மிடையே இன்றும் உண்டு. என் நண்பரோ எப்பாம்பையும் அடிக்கமாட்டார். அவ்வளவில் அவர் நம்மினும் உயர்ந்தவரே.

ஆயினும் அடியாமை வேறு, அடைத்துவைத்தல் வேறு. நாய் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு பழகி, அவன் அன்பை அறிந்து, திருப்பியும் தருவது. பாம்போ தன் முட்டையினின்று வெளிவந்த நாள்முதல் தனியே வாழ்வது. பழகப் பழக அது நம் கையைப் பொறுத்துக்கொள்ளலாம், பொறுத்தல் அன்பாகாது. மேலும், அவ்வினப் பாம்பு நன்கு பேணப்பெற்றால் 20 முதல் 30 ஆண்டுவரை உயிர்வாழும். பத்தொன்பது வயதில் ஆசையால் வாங்குகின்றவன், விடுதியிலும் வேலையிலும் இல்வாழ்விலும் அதனைச் சுமக்க வல்லனோ? அவன் ஆசை தணிந்தபின் அதன் கதி யாது?

சட்டமும் இதனை விளையாட்டாக விடவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்த்தல் குற்றம். ஆதலின் வளர்ப்போர் அயல்நாட்டுப் பாம்புகளை நாடினர். 2022-இல் அச்சட்டம் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபின், பன்னாட்டு வாணிக உடன்படிக்கையின் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போரும் அரசினிடம் பதிவுசெய்தல் வேண்டும். என் நண்பர் பதிவுசெய்தவரே. ஆனால் எல்லாப் பாம்பும் நேர்வழியில் வருவதன்று. பாங்காக்கினின்று வந்த பயணிகளின் பெட்டிகளிலே துணிப்பைகளில் அடைபட்ட மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகள் பலமுறை கைப்பற்றியுள்ளனர். வாங்குவோர் ஆசையே அப்பைகளின் வாயைக் கட்டுகின்றது.

இனி நம் நாட்டு வழக்கை நோக்குவோம். நாகராஜா கோயிலின் கருவறைக்கு ஓலைக் கூரையே வேய்கின்றனர். அங்கு அன்பர் பெறும் பிரசாதம் மண். அக்கோயில் தூண்களிலே பார்சுவநாதர், மகாவீரர் ஆகிய சமண தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ளன; பார்சுவநாதர் தலைக்குமேல் நாகம் குடைபிடிப்பதாக அமைத்தல் அச்சமயத்தார் மரபு. பழைய திருவிதாங்கூர் நாட்டு வீடுகள் பலவற்றில் தோட்டத்து மூலையொன்றைச் சர்ப்பக்காவென விட்டுவைத்தனர். அங்கே மரம் வெட்டார், மண் கிளறார். யான் கிறிஸ்தவன், அவ்வழிபாடு என்னுடையதன்று. எனினும் பாம்பிற்கு வேண்டிய இடத்தைப் பாம்பிற்கே விட்டு, மனிதன் சற்று விலகி நின்ற அப்பண்பை யான் போற்றாதிருக்க இயலாது. வேதம் பயின்ற நமக்குப் பாம்பென்றதும் ஏதேன் தோட்டத்து வஞ்சனையே நினைவிற்கு வருகின்றது. ஆனால் ஊர்வனவற்றையும் படைத்து அவற்றையும் நல்லனவாகக் கண்டவர் அதே ஆண்டவர் என்பதையும், விவேகத்திற்குப் பாம்பையே நம் இரட்சகர் தம் சீடர்க்கு எடுத்துக்காட்டினார் என்பதையும் மறத்தல் நன்றன்று.

“அவ்வாறாயின் பாம்பை அடைத்தல் எஞ்ஞான்றும் தவறோ?” என்று வினவலாம். அன்று என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியிலே 1978-இல் நிறுவப்பெற்ற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளைப் பிடித்து மண்பானைகளில் வைக்கின்றனர். வாரத்திற்கு ஒருமுறையாக நான்கு முறை நஞ்செடுத்தபின், அடையாளமிட்டு மீண்டும் காட்டிலே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சினின்றே பாம்புக்கடிக்கு மருந்து ஆக்கப்படுகின்றது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். அவருட் பெரும்பாலார் நாட்டுப்புறத்து ஏழையர். அம்மருந்தின் அருமை இதனால் விளங்கும். அச்சமூகத்துப் பெரியோராகிய வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது நமக்கெல்லாம் பெருமை.

இருளர் பானையும் சிறையே. நண்பர் பேழையும் சிறையே. ஆயினும் முன்னது பிறர் உயிர்காக்கும் பொருட்டு அமைந்தது, அதற்கு நாளெல்லையுண்டு, அதன் வாய் திறக்கும் நாளும் உண்டு. பின்னது நம் கண்ணின் இன்பத்திற்கென அமைந்தது. பாம்பு சாகுமளவும் திறவாதது. பல்லைப் பிடுங்கிக் கூடையிலடைத்துத் தெருத்தெருவாய் ஆட்டிய பாம்பாட்டியைக் கொடியன் என்கின்றோம். அவன் வயிற்றின்பொருட்டுச் செய்தான். நாம் பொழுதுபோக்கின்பொருட்டுச் செய்கின்றோம். விளக்கும் வெப்பமும் வேளைக்கு இரையும் தந்தமையால் நம் பேழை அவன் கூடையினும் மேலானதே. எனினும் கூடைக்கு உறவினதே.

ஏற்கெனவே வளர்ப்போர் யாது செய்வது? இரக்கமுற்று அதனை வயலிலோ காட்டிலோ விட்டுவிடுதல் பெரும் பிழை. அமெரிக்காவின் புளோரிடாவிலே, வளர்ப்போர் கைவிட்டனவும் தப்பினவுமாகிய பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலத்திற் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளைப் பெரிதும் அழித்துவிட்டன. ஆதலின் பதிவுசெய்து, இறுதிவரை குறைவின்றிப் பேணுதலே அவர் கடன். புதிதாய் வாங்காதிருத்தல் நம் கடன்.

பாம்பை அறிய விரும்பும் மாணவர்க்கு வழி அடைபடவில்லை. சென்னைக் கிண்டியிலே பாம்புப்பண்ணை உண்டு. நம் வரப்புகளும் வாய்க்கால்களும் உண்டு. ஆப்பிரிக்கப் பாம்பொன்றை அறையிலே வைத்து அறிவதினும், கட்டுவிரியனுக்கும் அதனைப்போல் வரியுடைய நஞ்சில்லாப் பாம்பிற்கும் வேற்றுமை அறிதல் நம் ஊரார்க்குப் பயன்படும். கடிபட்டவனைப் பச்சிலையும் மந்திரமும் தேடி அலையவிடாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமாறு ஒரு குடும்பத்திற்கேனும் கற்பிப்போமாயின், அதுவே நம் கல்விக்கு அழகு. அடுத்த விடுமுறையில் சாரைப்பாம்பொன்று வரப்பைக் கடக்கக் கண்டால், கம்பையும் எடாது, கையையும் நீட்டாது, அது மறையுமளவும் நின்று வழிவிடுவோமாக. அஞ்சாது அது தன் வழியே செல்லுதலைக் காண்பதே அதனை உள்ளவாறு காண்பதாம்.