பாதி சீசனில் வரும் ‘முழு நம்பிக்கை’ யாருக்கு?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அங்கே அணி தோற்கத் தொடங்கியதும், சீசன் முடியும் முன்பே, “பயிற்சியாளர் மீது முழு நம்பிக்கை இருக்கிறது” என்று பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத்துறை இயக்குநர்கள் அறிக்கை விடுவது வழக்கம். இது சரியா என்ற விவாதம் ஆண்டுதோறும் நடக்கிறது. வேலை நிலைக்குமா நிலைக்காதா என்று பாதி சீசனில் அவர்கள் வாய் திறக்கவே கூடாது என்பேன் நான்.

முதலில், அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. 2024 நவம்பரில், அணி 4 வெற்றி 4 தோல்வி என்று நின்றபோது, பயிற்சியாளர் பில்லி நேப்பியர் தொடர்வார் என்று அறிவித்தார் புளோரிடா பல்கலைக்கழக இயக்குநர் ஸ்காட் ஸ்ட்ரிக்லின். 2025 அக்டோபரில், அடுத்த சீசனின் பாதியிலேயே, நேப்பியர் நீக்கப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் அவரது அணி வென்றிருந்தது.

இரண்டாவது காரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்தச் சொல் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் டைரோன் வில்லிங்ஹாம். 2002இல், தன் முதல் சீசனில், முதல் 8 ஆட்டங்களையும் வென்றார். பாதி சீசனில் அவருக்கு யாரும் ஒப்பந்த நீட்டிப்பு அறிவிக்கவில்லை. 3 ஆண்டுகளில் 21 வெற்றி, 15 தோல்வி. 6 ஆண்டு ஒப்பந்தத்தில் பாதி மீதமிருக்க, 2004இல் நீக்கினார்கள். மற்ற நாட்களில் எல்லாம் சிறப்பு, ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைதான் போதவில்லை என்று விளக்கம் சொன்னார் இயக்குநர் கெவின் ஒயிட். அந்த நீக்கத்துக்காக வெட்கப்படுவதாகப் பல்கலைக்கழகத்தின் தலைவரே பிறகு பொதுவெளியில் சொன்னார்.

அடுத்து வந்தவர் வெள்ளையரான சார்லி வைஸ். 2005 அக்டோபரில், வெறும் 7 ஆட்டங்கள் முடிந்த நிலையில், 5 வெற்றி 2 தோல்விக்கு, 2015 வரையிலான புதிய ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. இயக்குநர் அதே ஒயிட்தான். வைஸின் முதல் 3 ஆண்டுக் கணக்கு 22 வெற்றி, 15 தோல்வி. மூன்றாம் ஆண்டில் மட்டும் 9 தோல்விகள். ஆனாலும் மேலும் 2 ஆண்டுகள் பதவியில் இருந்தார். 2009இல் நீக்கிய பிறகு அவருக்குக் கொடுத்த தொகை சுமார் 1.9 கோடி டாலர்.

தொழில்முறை அணிகள் வைஸைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயந்தார்கள், அதனால்தான் நீட்டித்தார்கள் என்பார்கள். 8 தொடர் வெற்றி கண்டவரை இழந்துவிடுவோம் என்று ஏன் யாருக்கும் பயம் வரவில்லை? ‘தகுதி, திறமை’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கான விடை தெரியும். ஒருவருக்கு 7 ஆட்டத்தில் தெரிந்துவிடும் தகுதி, இன்னொருவருக்கு 3 ஆண்டு ஆனாலும் தெரிவதில்லை.

பேசாமல் இருந்தால் வதந்தி பரவாதா, அணியில் சேரும் மாணவர்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். தெரியத்தான் வேண்டும். எதை வைத்து மதிப்பிடுவோம், எப்போது மதிப்பிடுவோம் என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே எழுதி வெளியிடுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். சீசன் முடிந்த பிறகு அந்த அளவுகோலோடு வந்து பேசுங்கள்.

ஒருவருக்கு நம்பிக்கை அறிவிக்கும் பழக்கம் இருக்கும்வரை, இன்னொருவர் விஷயத்தில் காக்கும் மௌனமும் தீர்ப்பாகிவிடுகிறது. மேலே இருப்பவர் மனமுவந்து தரும் நம்பிக்கை சலுகை. எழுதிய ஒப்பந்தம் உரிமை. சலுகை யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்பது நமக்குப் புதிதல்ல.