பூச்சி மருந்தா, தும்பைச் செடியா?

கறவை மாட்டுக்குக் குடற்புழு நீக்கம் என்று பேச்செடுத்தால் எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் இரண்டு கட்சி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கடையில் அல்பெண்டசோல் வாங்கி ஊற்றினால் போதும் என்பது ஒன்று. இங்கிலீஷ் மருந்தே விஷம், எல்லாம் கை வைத்தியத்தில் தீரும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலுமே முழு உடன்பாடு இல்லை.

மருந்து கொடுத்தபின் சில நாட்களுக்குப் பாலை விற்கக் கூடாது. இரண்டு மாட்டை நம்பிப் பிழைக்கிற குடும்பம் எங்கே பாலைக் கீழே கொட்டும்? அது சொசைட்டிக்குப் போய், பேரப்பிள்ளைகளின் டம்ளருக்குத்தான் வரும். சினைப்பட்ட முதல் 45 நாளில் அல்பெண்டசோல் கொடுத்தால் கருவுக்கும் ஆபத்து. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழுவும் அதற்குப் பழகிவிடும்.

மூலிகைக்கும் முறை உண்டு. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பல வருஷம் உழைத்து இதை ஒழுங்குபடுத்தினார். தேசிய பால்வள வாரியமும் பரப்புகிறது. சீரகம் 10 கிராம், கடுகு 10 கிராம், மிளகு 5 கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அதோடு மஞ்சள்தூள் 5 கிராம், பூண்டு 5 பல், வெங்காயம் ஒன்று, வேப்பிலையும் தும்பையும் ஒவ்வொரு கைப்பிடி, பாகற்காய் 50 கிராம், வாழைத்தண்டு 100 கிராம், வெல்லம் 100 கிராம் சேர்த்து அரைத்து உருண்டை பிடிக்க வேண்டும். உப்பைத் தொட்டு, தினம் ஒரு வேளையாக மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும்.

பச்சிலைதானே, கூடக் கொடுத்தால் என்ன என்று கேட்காதீர்கள். வெங்காயம் விளைகிற ஊர் நம்முடையது. அதுவே அளவு மீறினால் மாட்டுக்கு ரத்த அணுக்கள் உடைந்து சோகை வரும்.

இளங்கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு போகும். ஏரி, வாய்க்கால் ஓரம் மேய்கிற மாட்டுக்கு நத்தையால் பரவும் தட்டைப்புழு ஈரலில் தங்கும். தாடைக்குக் கீழே நீர் கோர்க்கும். இந்த இரண்டுக்கும் உருண்டையை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போக வேண்டும். தாமதித்தால் போவது ஓர் உயிர்.

2015-இல் மருத்துவ நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. துயூயூ என்ற சீன அம்மையார் பழைய சீன வைத்தியச் செடி ஒன்றிலிருந்து மலேரியா மருந்தை எடுத்தவர். மற்ற இருவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்டின் என்ற புழு மருந்துக்கு வழி கண்டவர்கள். எங்கிருந்து வந்தது என்பதைவிட, கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்ததுதான் முக்கியம்.

நம் மாட்டுக்கும் சோதனை இருக்கிறது. புதுச் சாணி கொஞ்சம் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனால் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். மருந்துக்கு முன் ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை பார்த்தால் போதும். முட்டை குறைந்திருந்தால் மூலிகையே தொடரட்டும். குறையவில்லையா, டாக்டர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, அவர் சொல்லும் நாள்வரை பாலை நிறுத்துங்கள்.

ஒவ்வொரு பால் சொசைட்டியும் மாதம் ஒரு நாள் சாணிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். உங்கள் ஊர் சொசைட்டியில் நீங்களும் கேட்டுப் பாருங்கள்.